எந்த இடத்தில் தப்பு?

எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை நாலு மணித் தேநீரோடு ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் தபாலில் வந்த கிறுக்குக் கடிதங்களை ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இயற்பியல் துறை என்றால் அப்படிக் கடிதங்கள் வரத்தான் செய்யும். தானாகவே நிற்காமல் சுற்றும் சக்கரம் செய்துவிட்டதாக ஒருவர் எழுதுவார். பூமி தட்டை என்று இன்னொருவர் எழுதுவார். எல்லோரையும் விட அதிகம் பேர் எழுதுவது சார்பியல் கொள்கை பொய் என்றுதான். ஓடுகிற பொருள் நீளத்தில் சுருங்கும், ஓடுகிற கடிகாரம் மெதுவாகும் என்பதையெல்லாம் நூறு வருடமாகச் சோதித்துச் சோதித்துச் சரி என்று கண்டாயிற்று. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு பேராவது அதை உடைத்துவிட்டதாகக் கடிதம் போடுவார்கள். பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். உறைகளைக் கிழித்து, வாசிக்கத் தகுந்ததைத் தனியாக எடுத்து வைப்பது என் வேலை. நன்றாகப் பொறுக்குவேன் என்று எனக்குப் பெயர். எழுதியவர் ஒருவருக்கும் பதில் போனதில்லை.

தினமும் காலையில் கடவுளைக் கும்பிட்டு, இன்று யார் மனமும் என்னால் நோகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் நான். அப்படி வேண்டிக்கொண்டு போய்த்தான் பதினோரு வருடம் அந்தக் கடிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிமேல் வரப்போகும் என் கோபமெல்லாம் ரொம்ப நியாயமானது போலத் தெரிந்துவிடும்.

அன்று நான் ஒரு வாரக் காய்ச்சல் விடுப்பு முடிந்து வந்திருந்தேன். தபாலை வேறு யாரோ பிரித்திருந்தார்கள். நாலு மணிக்கு எல்லோரும் கோப்பையோடு உட்கார்ந்ததும் சுருட்டை சார் எழுந்தார். துறையிலேயே இளைய ஆசிரியர். தலைமுடியால் அந்தப் பெயர். பாடம் நன்றாக நடத்துவார், குரலும் கணீரென்று இருக்கும். அதனால் வாசிப்பு பெரும்பாலும் அவருக்குத்தான்.

"இந்த வாரம் நிஜமாவே விருந்து," என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். "'மதிப்புக்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு. என் வயது ஐம்பத்தெட்டு வருடம். உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். விரல்கள் ஒன்பது எண்ணம்.'"

அறை குலுங்கியது. நானும் சிரித்தேன். குடித்த தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தேன்.

"'முப்பத்தாறு வருடம் டர்னராக லேத்தில் வேலை பார்த்தவன். ஓடுகிற பொருள் சுருங்கும் என்பது பொய் என்று முப்பது நாள் அளந்து நிரூபித்திருக்கிறேன். ஒரு மைக்ரான்கூட வித்தியாசம் இல்லை.'"

நான் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் அது அளவே இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. இடது கையில் மோதிர விரல் இல்லாதவர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடமாட்டார் என்று பட்டறையில் மைக்ரான் என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவர் என் அண்ணன்.

துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரை நேர்லயே பார்க்கணும் போல இருக்கே."

"கூப்பிட்டுடலாம் சார்," என்றார் சுருட்டை. "அடுத்த வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்துக்குப் பேச ஆள் கிடைக்கல. பசங்களுக்கும் பொழுது போகும்."

"ஒம்போது விரலையும் மறக்காம கொண்டுவரச் சொல்லு," என்றார் ஜன்னலோரம் இருந்த ஒருவர்.

"அக்கா, நல்லா ஒரு அழைப்பு அடிச்சிடுங்க. 'தங்களின் மேலான ஆராய்ச்சி'ன்னு வரணும்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அது என் அண்ணன், சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கிறுக்கன் உண்டு என்று இந்த அறைக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. எழுந்து என் மேசைக்குப் போனேன். 'தங்களின் மேலான ஆராய்ச்சி' என்று ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி முகமெல்லாம் சிரிப்பு.

"வா வா. உங்கண்ணனுக்குக் கால் தரையில பாவல. அந்தக் கடிதத்தை எனக்கு நாலு தடவை படிச்சுக் காட்டியாச்சு. 'மேலான'ன்னு வர்ற இடத்துல மட்டும் குரல் ஒரு படி ஏறுது."

பின்பக்க அறையில் இரும்பைச் சுழல விட்டுக் கடையும் அவருடைய சின்ன லேத் இருந்தது. வேலையை விட்டு வரும்போது பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்து, அவரே பழுது பார்த்து ஓட வைத்தது. அண்ணன் மைக்ரான் வரை அளக்கும் மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் ஆபீசுன்னு தெரியும்," என்றார். "உன் சிபாரிசுல போனதா ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்லாம எழுதினேன். இங்க பாரு. சக்கரத்தோட விட்டம் இருநூறு மில்லிமீட்டர். விளிம்புல, ஓடுற திசையிலேயே படுத்திருக்கற மாதிரி ஒரு எஃகு ஊசி. அம்பது மில்லிமீட்டர் நீளம். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்து. தினமும் மூணு மணி நேரம் ஓட விட்டு அளந்தேன். நீளம் அப்படியே இருக்கு. சுருங்குதாம் சுருங்குது!"

"அண்ணா, நீங்க போகாதீங்க."

"ஏன்?"

"உங்க கடிதத்தை ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. அவங்க கேக்கறதுக்குக் கூப்பிடல. சிரிக்கறதுக்குக் கூப்பிடறாங்க."

அவர் மைக்ரோமீட்டரை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். "அந்த அழைப்பை அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அதுல எந்த வரியில சிரிப்பு இருக்கு?"

நான் அடித்த வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"பதினோரு வருஷம் அவங்களுக்கு டைப் அடிச்சு உனக்கும் அந்தப் பார்வை வந்துடுச்சு. லேத்துக்காரனுக்கு என்ன தெரியும்னு. அதானே?"

"அப்படி நான் சொன்னேனா?"

"வாயால வேற சொல்லணுமா?"

பிறகு அவரே அந்தப் பழைய கதையைச் சொன்னார். எனக்கு ஓரளவு தெரிந்ததுதான், முழுதாகக் கேட்டது அன்றுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்காக ஓர் அறிவியல் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் திரையில் படம் போட்டு, ஓடும் கம்பி சுருங்கும் என்றார். அண்ணன் எழுந்து நின்று கேட்டார்: அளக்கற ஸ்கேலும் கம்பியோட கூடவே ஓடினா அதுவும்தானே சுருங்கும், அப்ப சுருங்கினது எப்படித் தெரியும்? பேசியவர் அவருடைய எண்ணெய்க் கறை பிடித்த சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "இது ஸ்கேல் வெச்சு அளக்கற சமாச்சாரம் இல்லப்பா. உனக்குப் புரியாது, உட்காரு." கூட்டம் சிரித்தது. மேலாளர் சிரித்தார். அண்ணனிடம் வேலை பழகியவர்களும் சிரித்தார்கள்.

"தப்புன்னு சொல்லியிருந்தா எங்க தப்புன்னு கேட்டிருப்பேன்," என்றார் அண்ணன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "லேத்துல கடையற ஜாப் எத்தனை எனக்குத் தப்பாப் போயிருக்கு. எந்த இடத்துல போச்சுன்னு பார்த்துத் திருத்தறதுதானே வேலையே. புரியாதுன்னு சொல்லிட்டான். அதுக்கு என்ன திருத்தம் இருக்கு, சொல்லு? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இது பொய்யின்னு காட்டாம விடறதில்லைன்னு. இருபத்திரண்டு இடத்துக்கு எழுதியாச்சு. ஒருத்தன் பதில் போடல. உங்க ஆளுங்கதான் முதல்ல கூப்பிட்டிருக்காங்க. அதையும் கெடுக்க வந்திருக்க."

வாசல் வரை வந்த அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு போன மாசம் போன்ல ஏதோ விளக்கப் பார்த்தா. படிச்ச பொண்ணு, பொறுமையாத்தான் சொன்னா. 'உனக்குப் புரியாது, வை'ன்னுட்டார்."

பஸ்ஸில் போகும்போது எனக்கு யார் மேல் கோபம் என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கொள்கை அண்ணனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அதைச் சொன்னவன் செய்தான். சொன்னவனைத் திருப்பி அடிக்க வழியில்லாமல் இவர் கொள்கையை அடிக்கிறார். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று எட்டு வருடமாக ஆசைப்பட்டு, தன் மேல் விழுந்த அதே சொல்லை எடுத்துப் பெற்ற பெண் மேல் எறிந்திருக்கிறார். மூடன் அல்ல அவர், எனக்குத் தெரிந்தவரை மிகவும் கவனமான மனிதர். அப்படிப்பட்டவரை ஒரு கூட்டம் சிரித்தே கோணலாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டம் சிரித்தால் மிச்சம் என்ன இருக்கும்? கடவுளே, அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு அடித்துக் கொடுத்தவள் நானல்லவா என்று நினைத்தபோது பஸ் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் துணிப்பை. என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல வகுப்பறைக்குள் போனார். அறுபது மாணவர்கள் இருந்தார்கள். முன்வரிசையில் ஆசிரியர்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன்.

சுருட்டை சார் அறிமுகம் செய்தார். "ஒரு நூற்றாண்டா உலகமே நம்பிக்கிட்டிருக்கறதை ஒரு லேத்தை வெச்சு உடைச்சவர் இன்னிக்கு நம்ம மத்தியில இருக்கார்," என்றார். மாணவர்கள் தேவைக்கு மேல் கை தட்டினார்கள். அண்ணன் அந்தக் கைதட்டலுக்குக் கும்பிட்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். சக்கரத்தையும் ஊசியையும் நோட்டையும் வரிசையாக வைத்தார். பட்டறையில் சொல்வது போலவே சொன்னார், இத்தனை மில்லிமீட்டர், இத்தனை சுற்று, அறையின் வெப்பம் இத்தனை டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்வரிசையில் ஒரு கிசுகிசுப்பு. ஒரு பெண் வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். அண்ணன் முப்பதாம் நாள் வரை ஒன்றையும் விடாமல் வாசித்தார்.

"கேள்வி இருந்தா கேக்கலாம்," என்றார்.

சுருட்டை சார் எழுந்தார். "ஐயா, எல்லாம் சரி. அந்தப் பத்தாவது விரல்? ரொம்ப வேகமா ஓடிச் சுருங்கிடுச்சா?"

அறையே வெடித்தது. தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அண்ணன் ஒரு கணம் தன் கையைப் பார்த்தார். பிறகு, விருந்துக்கு வந்த இடத்தில் முகம் கொடுக்க வேண்டுமே என்று நினைத்தவர் போல, அவரும் கொஞ்சம் சிரிக்க முயன்றார்.

அந்த முயற்சிதான் என்னைப் பிளந்தது.

"போதும்!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அறுபது தலைகளும் திரும்பின.

"அவர் என் அண்ணன். ஒரு மனுஷனோட விரல் போனதுல உங்களுக்கு என்ன சிரிப்பு?"

"அக்கா, உட்காருங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றார் தலைவர்.

"உட்கார மாட்டேன் சார்." சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். "அவர் சொல்றது தப்பு. உங்க எல்லாருக்கும் தெரியும். சரி, எந்த இடத்துல தப்பு? அதைச் சொல்லத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. செல்போன்கள் கீழே இறங்கின.

"தெரியாமலேதான் இவ்வளவு நேரம் சிரிச்சீங்களா? சார் சொன்னாங்க, புத்தகத்துல இருக்கு, அதனால நீங்க நம்பறீங்க. அவர் நம்பல, முப்பது நாள் உட்கார்ந்து அளந்தார். தப்பாவே அளந்திருக்கட்டும். நீங்க ஒரு நாள் எதையாவது அளந்து பார்த்திருக்கீங்களா? தப்பை எடுத்துச் சொல்ல நேரம் இல்ல, சிரிக்க மட்டும் ஒரு மதியம் பூரா நேரம் இருக்கு. கடவுள் உங்களுக்குப் படிப்பைக் கொடுத்தது இதுக்கா?"

"நீ உட்காரு," என்றார் அண்ணன். அதட்டல். எனக்காகச் சண்டை போடாதே என்கிற அதட்டல். பிறகு சுருட்டை பக்கம் திரும்பினார். "தம்பி, அவ கேட்டதை நானும் கேக்கறேன். சுருங்கும்னு சொல்றீங்களே. என் ஊசி எவ்வளவு சுருங்கணும்?"

சுருட்டையின் முகம் சிவந்திருந்தது. "ரொம்பச் சின்ன அளவுங்க ஐயா."

"ரொம்பச் சின்னதுன்னு ஒரு அளவு கிடையாது. எண்ணைச் சொல்லுங்க."

சுருட்டை தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். விட்டம், சுற்று, வேகம். நாலு வரி போனதும் அண்ணன் கையை நீட்டினார்.

"நாலாயிரம் சுத்து நிமிஷத்துக்கு. நீங்க நொடிக்குப் போட்டுட்டீங்க. விளிம்பு வேகம் நொடிக்கு நாப்பத்திரண்டு மீட்டர்தான். அலகு எழுதாம கணக்குப் போட்டா இப்படித்தான் ஆகும்."

ஓரிருவர் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அண்ணன் மேல் விழவில்லை. சுருட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதினார், இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் அலகோடு. அவர் குரலில் இருந்த மேடைத்தனம் போய்விட்டது. வகுப்பில் பாடம் நடத்தும் குரல் வந்தது. கடைசியில் விடைக்கு அடியில் கோடு போட்டார்.

"ஒரு மைக்ரானை இருநூறு கோடித் துண்டாக்கினா அதுல ஒண்ணுங்க. ஒரு அணுவுக்கு நடுவுல இருக்கற கருவை விடச் சின்னது. எந்த மைக்ரோமீட்டரும் காட்டாது." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் இருக்கு ஐயா. நீங்க அளந்தப்போ சக்கரம் ஓடிக்கிட்டிருந்ததா?"

"நிறுத்திட்டுத்தான் அளந்தேன். ஓடுற ஜாப் மேல கருவியை வைக்கக் கூடாது. அதுதான் எங்க வேலையில முதல் பாடம்." அண்ணன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "பத்தொம்பது வயசுல அவசரப்பட்டு வெச்சேன். அதுல போனதுதான் இது."



"நின்னுட்டா பழைய நீளத்துக்கே வந்துடுங்க," என்றார் சுருட்டை மெல்ல. "ஓடும்போது மட்டும்தான் அந்தச் சுருக்கம்."

அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார். நோட்டின் ஏடுகளைக் கட்டைவிரலால் ஒரு தடவை சரசரவென்று தள்ளினார். "அப்ப முப்பது நாளும் நான் நின்ன ஊசியைத்தான் அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஆமாங்க."

"சரி. அது தப்பு. ஒத்துக்கறேன்." மூச்சு விட்டார். "இன்னும் ஒண்ணு கேக்கணும். அளக்கற ஸ்கேலும் கூடவே ஓடினா?"

சுருட்டை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சுருக்கமே தெரியாதுங்க. நீங்க நினைச்சது சரி. வெளியில நிக்கறவர் அளந்தாத்தான் தெரியும். உண்மையில பாடமே அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்குது."

அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இருண்டது. மேசையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஊசி துள்ளிக் கீழே விழுந்தது.

"இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அரை நிமிஷம். அன்னிக்கு அந்த ஆளு அரை நிமிஷம் செலவழிச்சிருந்தா எனக்கு எட்டு வருஷம் மிச்சம். எட்டு வருஷம், தம்பி!"

சுருட்டை கரும்பலகையை விட்டு வந்தார். குனிந்து, மேசைக்கு அடியில் உருண்டிருந்த ஊசியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். எனக்கு அப்போது அவர் மேல் இருந்த கோபத்தில் ஒரு துளி குறைந்ததை மறைக்க மாட்டேன்.

அண்ணனோடு வெளியே வரும்போது தலைவர் வாசலில் நின்றிருந்தார். "திங்கட்கிழமை காலையில என் அறைக்கு வாங்க," என்றார் என்னிடம். சரி என்றேன். முதல் முறையாக 'சார்' போடாமல் சொன்னேன்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இன்னும் இருந்தது. அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளுக்குப் போன் போட வேண்டும் என்றார், யாரிடமோ சொல்வது போல.

"என் கடிதத்தை ஆபீஸ்ல படிச்சாங்கன்னு சொன்னியே," என்றார் திடீரென்று. "அப்ப நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"சிரிச்சியா?"

உங்கள் கடிதம் என்று தெரிவதற்கு முன்னால் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்னால், வேறு யாருடைய அண்ணனாவது இருந்தால் சிரித்தது சரி என்று ஆகும். பதினோரு வருடமாக நான் பொறுக்கிக் கொடுத்த ஒவ்வொரு உறையும் யாரோ ஒருத்தியின் அண்ணன் எழுதியது.

"சிரிச்சேன் அண்ணா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்து நின்றது. எழுந்து, பையைத் தோளில் மாட்டி, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"என் பின்னால ஏறாதே. அடுத்த பஸ்ல வா. உன் மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சரி அண்ணா."

"புதன்கிழமை வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே."

நான் தலையாட்டினேன். நடத்துனர் விசில் கொடுத்தார்.

"புதன்கிழமை வா," என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே ஏறிப் போனார்.